பின்னாலை விரிச்ச பாய்

பின்னேரம் ஆறு மணி. மார்கழி மாசம்... உங்களுக்குத் தெரியும்தானே, அஞ்சு மணிக்கே கும்மிருட்டு. சுவிசில, பேர்னுக்குப் பக்கத்து ஓஸ்டர்முண்டிகன்ல பஸ் திரும்புற இடத்தில இருந்து மேல ஒரு றோட் போகுது. ஒரு பக்கம் காடு. மற்றப் பக்கம் பழைய மாடி வீடுகள், அதுவும் தள்ளித் தள்ளி. லைற்றுக் கம்பம் இருக்கு, ஆனா ஒண்டுக்கும் மற்றதுக்கும் நடுவில இருட்டு. அந்த றோட்டால ஒருத்தன் தன்ர சொந்த வீட்டுக்குக் கள்ளன் மாதிரிப் போறான்.

சப்பாத்துச் சத்தம் கேக்கக் கூடாதெண்டு ஓரத்துப் பனியில காலை வைச்சு நடக்கிறான். கறக்... கறக்... அதுவும் சத்தம்தான் போடுது.

பிரஷாந்தி, உந்தக் கதவை ஒருக்காச் சாத்திவிடும். காத்து வருது.

இது என்னோட கிளீனிங் வேலை செய்யிற அரசரத்தினம் அண்ணையின்ர மருமோனுக்கு நடந்தது. தங்கச்சியின்ர மகன். கிருஷாந் எண்டு பேர். நான் வேதக்காரன், கிறிஸ்தவன், எனக்கு உந்தப் பூசை முறையள் அரைகுறையாத்தான் தெரியும். அண்ணை சொன்னதை அப்பிடியே சொல்லுறன். பிழை இருந்தா இஞ்ச இருக்கிற சுஜானி திருத்தும்.

கிருஷாந்துக்கு இன்டர்லாக்கன்ல ஒரு ஹோட்டல் குசினியில வேலை. மத்தியானம் ரெயினேறினா வீட்டுக்கு வரச் சாமம் ஆகும். மனுசி கஜேந்தினிக்கு வயசுபோன ஆக்களைப் பாக்கிற இல்லத்தில வேலை. விடியப் போனா பின்னேரம் வீட்டில நிப்பா. பிள்ளையள் இல்லை. ரெண்டு பேரும்தான்.

வெள்ளிக்கிழமை எண்டா அவ வேலையால வந்து, தலை முழுகி, ஹோல் மூலையில இருக்கிற சாமிப் படங்களுக்கு முன்னால விளக்கேத்துவா. சாம்பிராணி போடுவா. கடலையோ அவலோ வைச்சுப் படைச்சு, தேவாரம் பாடி, தனக்கெண்டு ஒரு தாளத்தில மணி அடிச்சுத் தீபம் காட்டுவா. சுவிசுக்கு வந்த நாளில இருந்து ஒரு வெள்ளியும் தவறினதில்லை.

அந்த ஐப்பசியில ரெண்டு பேருக்கும் ஒரு சண்டை. அவவின்ர தங்கச்சிக்கு ஊரில கலியாணம். சேர்ந்து போறதெண்டு பேச்சு. இவன் தன்ர லீவை இன்னொருத்தனுக்கு விட்டுக் குடுத்திட்டு, அதை வீட்டில சொல்லேல்லை. அவ சீலையெல்லாம் வேண்டி, பெட்டி அடுக்கத் துவங்கின பிறகுதான் சொல்லுறான். அவ கத்தேல்லை. அழேல்லை. கலியாணத்துக்கும் போகாமல், கதையை நிப்பாட்டிப் போட்டா. சோறு போட்டு மூடி வைப்பா, உடுப்புத் தோய்ப்பா. முகத்தைப் பாக்க மாட்டா. இவனும் வீம்புக்காரன். எத்தினை நாளைக்கெண்டு பாப்பம் எண்டு விட்டிட்டான்.

ஒரு வெள்ளி இரவு கிருஷாந் வேலையால வந்து திருநீறு பூசப் போறான். சாமிப் படங்களுக்கு முன்னால அவ இருக்கிற பாய். அதுக்குப் பின்னால... இன்னொரு பாய். விரிச்சபடி.

தட்டில திருநீறு. அதில மூண்டு விரல் இழுத்த தடம். கஜேந்தினி ஒரு விரலால தொட்டு ஒரு கீறுதான் பூசுறவள். இது மூண்டு விரல். ஆம்பிளை விரல்.

தன்ர விரலை வைச்சுப் பாத்தான். கணக்காப் பொருந்திச்சுது. ஆனா அவன் அண்டைக்குத் திருநீறு எடுக்கேல்லை.

கழுவுற இடத்தில ரெண்டு கோப்பை. ரெண்டிலையும் கடலைத் தோல்.

கேக்கலாம்தானே எண்டுவியள். கதையில்லாத வீட்டில எப்பிடிக் கேக்கிறது? படுத்தான், நித்திரை இல்லை. அடுத்த வெள்ளியும் அதே பாய், அதே தடம். பிறகு எல்லாத்திலையும் சந்தேகம். அவ போனைக் கவிட்டு வைச்சாச் சந்தேகம். புதுச் சீலை உடுத்தாச் சந்தேகம். வேலையில வெங்காயம் வெட்டேக்கையும், வீட்டில ஆர் வந்து குந்திக்கொண்டிருக்கிறான் எண்ட எண்ணம்தான். அரசரத்தினம் அண்ணையிட்டைச் சொல்லியிருக்கிறான். அண்ணை சொன்னாராம், "கண்ணால காணாமல் பொம்பிளைப்பிள்ளையில பழி போடாதை. ஒரு நாள் போய்ப் பார்."

அதுதான்... அந்த வெள்ளிக்கிழமை. அந்த றோட்.

வேலைக்குப் போற மாதிரி வெளிக்கிட்டு, பேர்ன் ஸ்ரேசனில அங்கையும் இங்கையும் சுத்திப்போட்டு, ஆறு மணிக்கு மேல ஏறி வாறான். அவையின்ர வீடு ரெண்டாம் மாடி. றோட்டில நிண்டு ஜன்னலைப் பாத்தான். மெல்லிசுத் திரை. அதில விளக்கு வெளிச்சம். கஜேந்தினி இருக்கிற நிழல், தலையில முடிச்ச துவாயோட.

அவளுக்குப் பின்னால இன்னொரு நிழல். சம்மாணங் கொட்டி இருக்குது. அசையேல்லை.

கிருஷாந்துக்குக் காதெல்லாம் கொதிச்சுதாம். படியில ஏறினான். வாசலில வேற சப்பாத்து இல்லை. திறப்பை மெதுவாப் போட்டு, மெதுவாத் திருப்பி, கதவைத் தள்ளினான். சாம்பிராணி மணம். அதுக்குள்ள இன்னொரு மணம்... ஈர மண். மழைக்குள்ள கன நேரம் நிண்ட உடுப்பு மணம்.

ஹோல் வாசலில போய் நிண்டான். கஜேந்தினி கற்பூரம் காட்டுறா. முதுகுதான் தெரியுது. பின்னால பாய். பாயில ஒருத்தரும் இல்லை.

அவ தீபத்தை இறக்கினா. திரும்பேல்லை. தட்டைப் பிடிச்ச கையைப் பக்கவாட்டில, பின்னால நீட்டினா... அந்த வெறும் பாய்க்கு நேர. ஒரு ஆள் ரெண்டு கையாலையும் தீபத்தைத் தொட்டுக் கண்ணில ஒத்த எவ்வளவு நேரம் செல்லும்? அவ்வளவு நேரம் நீட்டிப் பிடிச்சிருந்தா. நெருப்பு ரெண்டு தரம் படுத்து எழும்பிச்சுது. பிறகு திருநீற்றுத் தட்டை நீட்டினா. அந்தத் தட்டு... பாரம் வைச்ச மாதிரி ஒருக்காப் பதிஞ்சுது.

"ஆரடி அது?"

அவ திடுக்கிட்டுத் திரும்பினா. வாசலில ஜக்கெற்றோட, பனி ஒட்டின சப்பாத்தோட புருசன். பாயைப் பாத்தா. திரும்ப அவனைப் பாத்தா. எத்தினையோ கிழமைக்குப் பிறகு அண்டைக்குத்தான் அவனோட கதைக்கிறா.

"நீங்கள் ஏன் அங்க போய் நிக்கிறியள்? இப்ப இதிலதானே இருந்தனீங்கள்."

உடன நம்பினானோ? இல்லை. குளியலறை, பல்கணி, உடுப்பு அலுமாரி எல்லாம் திறந்து பாத்தான். கட்டிலுக்குக் கீழ பாத்தான். அவ பாத்துக்கொண்டு நிண்டா. அவவுக்கு வேற சந்தேகம். தன்னை விசர்ப் பைத்தியம் ஆக்கிறதுக்கு இவன் நடிக்கிறான் எண்டு.

"நான் வெள்ளியில ஒரு நாளும் இந்த நேரத்துக்கு வந்ததில்லை, கஜேந்தினி."

"பொய் சொல்லாதேங்கோ. முதல் வெள்ளி பெல் அடிச்சனீங்கள். நான்தானே திறந்துவிட்டனான்."

"என்ர முகத்தைப் பாத்தனீரோ?"

அவ அப்பதான் யோசிச்சுப் பாத்தா. கோவத்தில முகத்தைப் பாக்கேல்லை. கதவைத் திறந்தவுடன திரும்பி உள்ள போனவ. காலைத்தான் கண்டவ. சப்பாத்தில்லாமல், ஈரக் காலுறை மேசோட ரெண்டு கால். பின்னால வந்து இருந்துது. கதைக்கேல்லை. பூசை முடியப் படைச்சதைத் தின்னுற சத்தம் கேக்கும், பிறகு கதவுச் சத்தம். வேலைக்கிடையில ஓடி வாறார், வாய் திறந்து மன்னிப்புக் கேக்க வெக்கப்படுறார் எண்டு நினைச்சிருக்கிறா. அடுத்த வெள்ளி அவவாவே ஒரு பாய் எடுத்து விரிச்சுவிட்டா.

"உங்களுக்காகத்தான் விரிச்சனான்" எண்டாவாம்.

அதுக்குப் பிறகுதான் ரெண்டு பேரும் தட்டைப் பாத்தினம். மூண்டு விரல் தடம். புதுசா.

கோயில் ஐயரிட்டைப் போனவை. அவர் கேட்டிட்டு ஒரு விளக்கமும் சொல்லேல்லை. "பூசையை நிப்பாட்டாதேங்கோ. ரெண்டு பேரும் பக்கத்தில பக்கத்தில இருந்து செய்யுங்கோ. ஆளில்லாமல் பாய் விரிக்காதேங்கோ" எண்டு மட்டும்தான் சொன்னவர். கிருஷாந் கெஞ்சிக் கூத்தாடி வெள்ளிக்கிழமையை லீவா மாத்தி எடுத்தான். ரெண்டு பேரும் சேர்ந்து இருந்து தேவாரம் பாடினவை. தைப்பொங்கலும் வந்துது. ஒண்டும் வரேல்லை. பெல் அடிக்கேல்லை, ஈர மணம் இல்லை. சந்தேகப்பட்டதுக்கு அவன் அவளிட்டை மன்னிப்புக் கேட்டான். அவளும் மனம் ஆறி, கலியாண வீடியோவை ரெண்டு பேருமா இருந்து பாத்தவை.

எல்லாம் சரி எண்டுதான் நினைச்சவை...

தை மாசக் கடைசி. அண்டைக்குக் கிருஷாந்துக்குப் பிந்தின வேலை. பின்னேரம் இருட்டுற நேரம், பேர்ன் ஸ்ரேசனில இன்டர்லாக்கன் ரெயினுக்கு நிக்கிறான். அவையளுக்குக் கீழ் வீட்டில இருக்கிற ஃபிறவ் கெர்பர் சாமான் பையோட வாறா. வயசுபோன சுவிஸ் மனுசி, தனிய இருக்கிறவ. இவனைக் கண்டவுடன கையைப் பிடிச்சா.

"இன்னும் சண்டை தீரேல்லையோ?"

"என்ன சண்டை?"

"வெள்ளிக்கிழமையில காணுறன்தானே. வீட்டுக்கு வெளியில படியில இருக்கிறீங்கள். சப்பாத்துமில்லை, வெறும் மேசு. உள்ள மணி அடிச்சு முடியுமட்டும் இருந்திட்டுப் போறீங்கள். குளிருக்குள்ள... பாவமாக் கிடக்கு."

அந்த வெள்ளி எல்லாம் அவன் கதவுக்கு உள்பக்கம், மனுசிக்குப் பக்கத்தில.

அந்த மனுசி சிரிச்சுக்கொண்டு சொல்லுறாவாம், "உங்கட டொச் பாசை இப்ப எவ்வளவு திறம். பேர்ன்ல பிறந்த ஆள் மாதிரிக் கதைக்கிறீங்கள்."

கேட்டா விளங்கும், ஆனா கிருஷாந் கதைக்கிறது குசினி டொச். வெங்காயம், கத்தி, கெதியா, முடிஞ்சுது. அவ்வளவுதான்.

"நான்... உங்களோடை கதைச்சனானோ?"

"நேற்றும் கதைச்சீங்களே. அவளின்ர புருசன் எந்தெந்த நாள் வீட்டில நிக்கிறவர் எண்டு கேட்டீங்கள். எனக்குச் சிரிப்பு. அது நீங்கள்தானே எண்டன். உங்களுக்கு வெள்ளியில மட்டும்தானே லீவு எண்டும் சொன்னன். அப்ப செவ்வாய்க்கிழமையும் நல்ல நாள்தான் எண்டு சொல்லிப்போட்டுப் படியால இறங்கிப் போனீங்கள். செவ்வாயில என்ன விசேசம்?"

அண்டைக்குச் செவ்வாய்க்கிழமை.

ரெயின் வந்து நிண்டுது. இவன் ஏறேல்லை. ஓடினான். கஜேந்தினிக்குப் போன் அடிச்சான். அடிக்குது... அடிக்குது... எடுக்கேல்லை. பஸ்ஸில இருக்க ஏலாமல் கதவடியிலேயே நிண்டான். இறங்கினான். அதே றோட். இப்ப சத்தத்தைப் பற்றி ஆருக்குக் கவலை? சறுக்கி விழுந்து, எழும்பி, ஓடுறான்.

லைற்றுக் கம்பத்துக்குக் கீழ ஆரோ நிக்கினம். கிட்டப் போனாக் கஜேந்தினி. ஜக்கெற் இல்லை. வீட்டுச் சட்டையோட, வெறுங்காலோட, பனிக்குள்ள. தலை ஈரம்.

"கஜேந்தினி..."

"கிட்ட வராதேங்கோ."

அவன் நிண்டான்.

"தேவாரம் பாடுங்கோ" எண்டா அவ. பல்லெல்லாம் அடிக்குது. "நாங்கள் வெள்ளியில பாடுறது. பாடுங்கோ."

அந்தக் குளிருக்குள்ள, நடு றோட்டில, மூச்சு வாங்க வாங்க அவன் பாடினான். முதல் அடி பாடினான். ரெண்டாவது அடியில சொல்லு மாறிப் போச்சு. தடுமாறி, திரும்பத் துவங்கி, திரும்பவும் பிழை. அதோட அவ ஓடிவந்து அவன்ர ஜக்கெற்றை ரெண்டு கையாலையும் பிடிச்சுக்கொண்டு குழறி அழுதா.

பிறகு விக்கி விக்கிச் சொன்னா. இண்டைக்கு வேலை இல்லை எண்டு சொல்லிக்கொண்டு வந்ததாம். இந்த முறை முகத்தைப் பாத்தவவாம், நல்லாப் பாத்தவவாம். அவன்ர முகம்தான். அவன்ர சிரிப்பு. செவ்வாயும் விளக்கு வைப்பம் எண்டு சொல்லிச்சுதாம். அவவும் சந்தோசமா விளக்கை ஏத்திப்போட்டுப் பக்கத்தில இருந்தவவாம். தேவாரம் துவங்கினவை.

"நீங்கள் ஒரு நாளும் அந்த ரெண்டாவது அடியைச் சரியாப் பாடினதில்லை" எண்டா. "அது... ஒரு சொல்லுப் பிசகாமல் பாடிச்சுது. அடுப்பில பால் வைச்சனான் எண்டு சொல்லிப்போட்டு எழும்பி வந்திட்டன்."

கிருஷாந் தன்ர ஜக்கெற்றைக் கழட்டி அவளுக்குப் போத்துவிட்டான். ரெண்டு பேரும் திரும்பி வீட்டுப் பக்கம் பாக்கவே இல்லை, கீழ பஸ்ஸடிக்கு நடக்கத் துவங்கிச்சினம். பிறகு அந்த வீட்டுக்கு ரெண்டு பேரும் போனதில்லை. அரசரத்தினம் அண்ணைதான் பட்டப்பகலில ரெண்டு பெடியளோட போய்ச் சாமானை ஏத்தினவர். இப்ப ரெனான் எண்ட ஊரில இருக்கினம். கேட்டாலும் கதைக்க மாட்டினம்.

அண்ணையிட்டை மட்டும் கிருஷாந் ஒண்டு சொன்னவனாம். அந்த றோட்டால இறங்கேக்க பின்னால, ரெண்டாம் மாடியில இருந்து, மணிச்சத்தம் கேட்டதாம். பூசை மணி. மெதுவா ரெண்டு அடி... கொஞ்சம் பொறுத்து, கெதியா ஒரு அடி... திரும்ப மெதுவா ரெண்டு.

கஜேந்தினி அப்பிடியே நிண்டிட்டாவாம்.

"அது நான் அடிக்கிற மாதிரி" எண்டாவாம்.