ஏழு பென்சில் கோடுகள்

என்னை எல்லோரும் ஏணி என்று கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தாறு. தொழில், வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பது. மார்க்கெட்டுக்குப் பின்னால் மாவு மில் மாடியில் மனைவியுடன் குடியிருக்கிறேன். படுக்கையறைச் சீலிங்கை நான் இடித்துத் தள்ளியதாக வீட்டுக்காரர் கொடுத்த புகாரைப் படித்துக் காட்டி விசாரித்ததில் நான் சொல்வதாவது:

சென்ற மாதம் ஒன்பதாம் தேதி காலை வீட்டுக்காரர் என்னை வரச்சொன்னார். குடியிருந்த டீச்சரம்மா காலி செய்துவிட்டார், புதிதாக வருபவர்களுக்கு முன் வெள்ளையாக்கிக் கொடு என்றார். படுக்கையறைச் சீலிங்கில் ஓதம் ஏறிப் பழுப்பாக இருந்தது. அதைச் சுற்றி ஒன்றைவிட ஒன்று பெரிதாக ஏழு பென்சில் கோடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு தேதி. கறை வளர வளர டீச்சரம்மா போட்டது. அதை நான் அழுக்கு என்று நினைக்கவில்லை. எனக்குப் படிக்கத் தெரியும்.

அதன் பிறகு "சார், மேல பாத்ரூம்ல குழாய் கசியுது. அதைப் பார்க்காம அடிச்சா நிக்காது" என்றேன். "உன்னைப் பெயிண்ட் அடிக்கத்தானே கூப்பிட்டேன்? வைத்தியம் பார்க்கவா கூப்பிட்டேன்?" என்றார். அதன் பிறகு பட்டி பூசும் தகட்டின் பிடியால் சீலிங்கைத் தட்டிப் பார்த்தேன். காரை பிடிப்பு விட்டுப்போய், காலி டப்பாவைத் தட்டுவதுபோல் கேட்டது. அதைச் சொன்னால் அடுத்த வீட்டு வேலை கிடைக்காது என்று வாயை மூடிக்கொண்டு, பட்டி பார்த்து இரண்டு கோட்டிங் அடித்துவிட்டு வந்தேன்.

அன்று முதல் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அண்ணாந்து பார்த்தேன். என் மனைவி கேலி செய்தாள்: "பேருக்கேத்த மாதிரி மேலயே பார்த்துட்டு நிக்கிறியே!"

இருபத்துநாலாம் தேதி காலை பத்து மணிக்கு, அங்கே விட்டுவந்த ஏணியை எடுக்கிற சாக்கில் போனேன். புதிதாகக் குடிவந்திருந்த பெண் கதவைத் திறந்தாள். படுக்கையறையில் சரியாக அந்த இடத்துக்குக் கீழே தொட்டிலில் மூன்று மாதக் குழந்தை தூங்கியது. சீலிங் வயிறு தள்ளியிருந்தது, ஃபேன் கம்பியில் ஒரு சொட்டு நின்றது. மெயினை அணைத்துவிட்டு, "தங்கச்சி, பிள்ளையைத் தூக்கும்மா" என்றேன். "ஏணி எடுக்க வந்தீங்களா, வேலை பிடிக்க வந்தீங்களாண்ணே?" என்று சிரித்தாள். அப்போது குழந்தையின் நெற்றியில் கோலப்பொடி அளவுக்கு வெள்ளைத் தூள் உதிர்ந்தது. நான் தொட்டில் காலைப் பிடித்து ஹாலுக்கு இழுத்தேன். அவள் "ஐயோ, பிள்ளையை விடுடா!" என்று என் முடியைப் பிடித்தாள். பின்னால் காரை மொத்தமாக விழுந்தது. குழந்தைக்குக் காயம் இல்லை. அந்தப் பெண் என் சட்டையை வெகுநேரம் விடவே இல்லை.

என் ஏணி அறையில் கிடந்ததால், அதை வைத்து நானே குத்தி இடித்தேன் என்கிறார் வீட்டுக்காரர். விழுந்த காரைத் துண்டுகளை அந்தப் பெண் மூட்டை கட்டி வைத்திருக்கிறாள். பெயிண்டைச் சுரண்டினால் ஏழு கோடும் தேதியும் வரும். கடைசித் தேதி, நான் பெயிண்ட் அடித்ததற்கு முந்தின நாள். அப்போது சீலிங்கை இடித்தது நான் இல்லை என்பது தெரியும். கறையை மூடி மறைத்தது யார் என்பதும் தெரியும். அது நான்தான். தயவுசெய்து சுரண்டிப் பாருங்கள்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. யாரும் மிரட்டவில்லை. பயந்திருந்தேன், அது ஒன்பதாம் தேதியிலிருந்து இருக்கிற பயம்.

(ஒப்பம்) ஏணி