ஏழாம் போத்தலின் ஓடு

— கண்ணை லென்சில நல்லா வைச்சுப் பாரும், றிஷானா. என்ன நிறம்?

— ரோசா... அல்லாஹ்! மேடம், இது ஏழாம் போத்தல் கடல் சேத்தில கிடந்த ஓடுதானே?

— ஓம். வாயைப் பாரும், ஒற்றைப் பல்லு. நாங்கள் எட்டு வருசமா வகை பிரிச்ச அதே பேரினம். சேத்தில ஊத்திற ரோசாச் சாயம் உயிருள்ள சதையிலதான் பிடிக்கும், வெறும் ஓட்டில பட்டாலும் கழுவினாப் போயிடும்.

— அப்ப ஆறு லட்சம் வருசத்துக்கு முந்தி அழிஞ்சு போயிட்டெண்டு எழுதினது?

— பிழை. துறைமுகத்துக்கு வெளியில, அந்த ஆழக் கடல் பள்ளத்தில இப்பவும் சீவிக்குது.

— ஒரே ஒரு செல்லால ஆன உயிர். அதுக்கு இவ்வளவு பிடிவாதமா! ஆனா மேடம், நேத்து நான் பார்க்கக்குள்ள வெள்ளையாத்தான் இரிந்திச்சு.

— அவசரத்தில பார்த்திருப்பீர்.

— கட்டுரை இண்டைக்குப் போகணுமே?

— எப்பிடி அனுப்பிறது? தலைப்பிலயே ‘அழிந்த பேரினம்’ எண்டு கிடக்கு. எல்லாச் சேத்தையும் திரும்ப அரிச்சு, ஒவ்வொரு ஓடாப் பார்க்கவேணும். ஆறு மாசம் பிடிக்கும். தனிய ஏலாது.

— விடிஞ்சா எனக்கு மன்னார் பஸ், மேடம். திங்கக்கிழமை பள்ளிக்கூடத்தில போய்ச் சேராட்டி நியமனம் போயிரும். உம்மா பெட்டியும் கட்டிட்டா.

— டீச்சர் வேலை பிறகும் கிடைக்கும்.

— நாலு வருசம் காத்திருந்து கிடைச்சது, மேடம்.

— நீர் போனாப் பிறகு இந்த மேல்மாடியில என்ன சத்தம் இருக்குமெண்டு யோசிச்சன். கப்பல் ஊதும். குழாய் சொட்டும். வேறை?

— பூனை வரும்.

— பூனை உமக்குத்தான் வாறது. நீர் சல்லடையைத் தட்டித் தட்டிப் பாட்டுப் படிப்பீர். ‘மேடம், தேத்தண்ணி ஆறுது’ எண்டு அக்கரைக் கிண்ணியாவுக்குக் கேட்கக் கத்துவீர்.

— நீங்க ‘கொஞ்சம் சும்மா இரும்’ எண்டு ஏசுவீங்க.

— ஓம். ஏசினனான். நிப்பீர்தானே?

— மேடம், ஒண்டு சொல்லணும். கோவிக்கப்படாது.

— சொல்லும்.

— அண்டைக்குப் போட்டுக்கார அஸாம் காக்காவோட கடல்ல போய்ச் சேறு அள்ளக்குள்ள, சாயம் ஆறாம் போத்தலோட முடிஞ்சிட்டு. ஏழுக்கு வெறும் ஸ்பிரிட்தான் ஊத்தினன். ஏசுவீங்களெண்டு பயத்தில சொல்லல்ல. கோவமா?

— போத்தல் மாறியிருக்கும்.

— மாறல்ல மேடம். நம்பர் எழுதி ஒட்டினது நான்தான்.

— அப்ப, மேசையில வைச்சு எடுக்கேக்குள்ள சாயம் எங்கையிருந்தோ தெறிச்சிருக்கும்.

— ஓம் மேடம். உங்கட விரல் நுனியிலயும் தெறிச்சிரிக்கி.