மஞ்சள் பிடித்த பட்டன்கள்

டீ நன்றாக இருக்கிறது இன்ஸ்பெக்டர் ஐயா, சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். ரைட்டர் ஐயா நிதானமாக எழுதட்டும், எனக்கு ஒன்றும் அவசரமில்லை. எங்கள் மேனேஜர் வேதமாணிக்கம் அண்ணன் எப்படிச் செத்தார் என்றுதானே கேட்டீர்கள்? அதற்குப் பிளாஸ்டிக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

என் பெயர் இன்னாசி. ராயபுரத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில், டைப்ரைட்டர் மாதிரி பட்டன் தட்டிக் கம்ப்யூட்டருக்குக் கணக்கு ஏற்றும் மெஷினைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எழுபத்திரண்டில் அது வந்து இறங்கியபோது பட்டன்களெல்லாம் நற்கருணை அப்பம் போல வெள்ளையாக இருந்தன. எழுத்துகள் மேலே அச்சடித்தவை அல்ல. கறுப்புப் பிளாஸ்டிக்கில் எழுத்தை வார்த்து, சுற்றிலும் வெள்ளையை வார்த்திருந்தார்கள். ஆயுசுக்கும் தட்டினாலும் அழியாது. என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. இதை என் சம்சாரம் அடைக்கலமேரியிடம் சொல்ல வேண்டாம்.

ஆனால் பிளாஸ்டிக்குக்கும் வயசாகும் ஐயா. ஜன்னல் வெயில் பட்ட பக்கம் முதலில் மஞ்சளானது. இடம் விடுவதற்கான நீளப் பட்டன் வேறு சரக்கு போலிருக்கிறது, அது டீ நிறத்துக்கே போய்விட்டது. கப்பல் கணக்கு என்றால் எல்லாம் எண்தானே. சைபர் பட்டன் விரல் பட்டுப் பட்டு, சொரசொரப்புத் தேய்ந்து, மேனேஜர் வழுக்கை மாதிரி மின்னியது.

ஒருநாள் அவர் வந்து நின்று பார்த்தார்.

“இன்னா இன்னாசி, பீடி குடிக்கிறவன் பல்லு மாரி கீது? காயலாங்கடையில போட்டுட்டு புச்சு வாங்கப்போறேன். அத்தப் பாத்துக்க காலேஜ் பையன் ஒருத்தன் வர்றான். நீ குடோனாண்ட போய் மூட்டையப் பாத்துகினு இரு.”

எனக்கு அழுகை வந்தது. கோபம் வரவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வாராவாரம் அந்தப் பட்டன்களைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவியவன் நான். என் பிள்ளைகளை அப்படிக் குளிப்பாட்டியதில்லை.

திருவொற்றியூரில் துணி வெளுக்கும் பட்டறையில் பொன்னுரங்கம் என்று ஒரு தோஸ்து இருக்கிறான். வெளுக்கிற மருந்து கொஞ்சம் கொடுத்தான். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும், வாசனை கிடையாது. “கைல பட்டா தோலு வெந்துடும் மாமு, உஷாரு” என்றான். பட்டன்களில் அதைத் தடவி மொட்டை மாடியில் வைத்தேன். மஞ்சளாக்கிய அதே வெயில், மருந்து பட்டதும் வெளுக்க ஆரம்பித்தது. இதை நம்பாதவன் எதையும் நம்ப மாட்டான். தேய்ந்து போன பளபளப்பு மட்டும் போகவில்லை.

அண்ணனிடம் காட்டினேன். “பவுடர் பூசிட்டா கெய்வி கொமரி ஆய்டுவாளா?” என்று சிரித்தார். “திங்கக்கெயம காயலாங்கடக்காரன் வர்றான்.”

மிச்ச மருந்தை வேளாங்கண்ணித் தீர்த்தப் பாட்டிலில் ஊற்றி, மெஷின் பக்கத்தில் வைத்தேன். வீட்டில் அதுதான் காலியாக இருந்தது. அண்ணனுக்குத் தீர்த்தம் என்றால் உயிர். யார் மேஜையில் மாதா படம் போட்ட பாட்டிலைக் கண்டாலும் கேட்காமல் எடுத்து ஒரு மடக்குக் குடிப்பார். தலைவலிக்கும் அதுதான், மூட்டு வலிக்கும் அதுதான். ஆபீசுக்கே தெரிந்த விஷயம். சனிக்கிழமை எல்லோரும் போன பிறகு வந்தார், பார்த்தார், எடுத்தார். ஒருத்தர் தானாக எடுத்துக் குடித்தால் நான் என்ன செய்வேன்?

சரி ஐயா. அப்படிப் பார்க்காதீர்கள். மெஷினைக் காப்பாற்றத்தான் செய்தேன், திருத்திச் சொல்லிவிடுகிறேன்.

பாட்டில் காலியாக இல்லை. அதிலிருந்த தீர்த்தத்தை நான்தான் முருங்கை மரத்துக்கு ஊற்றினேன். மரம் நன்றாகத்தான் இருக்கிறது. அப்புறம், அண்ணன் அன்றைக்குக் கேட்காமல் எடுக்கவில்லை. “மாதா தீர்த்தமாடா? முட்டி நோவுது, ஒரு மடக்கு குட்ச்சிக்கட்டா?” என்று மரியாதையாகக் கேட்டார். முட்டி போட்டுக் குடித்தால் பலன் ஜாஸ்தி என்று சொன்னேன். முட்டி வலிக்காரர் ஐயா, கையைப் பிடித்து இறக்கிவிட்டது நான்தான்.

முதல் மடக்கிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. வாயெல்லாம் நுரை. முகத்தைத் திருப்பினார். நான் ஒரு கையால் அவர் பின்னந்தலையைப் பிடித்து, மறு கையால் பாட்டில் காலியாகும்வரை சாய்த்துக்கொண்டிருந்தேன். வேறு எந்த எண்ணமும் இல்லை ஐயா, சிந்தினால் மெஷினுக்குள் போய்விடும்.