வெள்ளைப் பந்தின் எடை

ஸ்நூக்கர் பந்துகளைக் கொதிக்கிற தண்ணீரில் கழுவக் கூடாது. பலருக்கு இது தெரியாது. வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு சோப்பு விட்டு அலசி, பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

பதினாறு வருடங்களாக அந்தக் கிளப்பில் எனக்கு இதுதான் வேலை. நான்கு மேசைகள், மேசைக்கு இருபத்திரண்டு பந்துகள். தினமும் கழுவுவேன். மாதம் ஒரு முறை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துப் பார்ப்பேன். ஒரு செட்டில் உள்ள பந்துகள் ஏறக்குறைய ஒரே எடையில் இருக்க வேண்டும். அதனால் ஒரு செட்டின் பந்தை இன்னொன்றில் கலக்கவே மாட்டோம். நான் கலந்தேன், ஐயா. ஒரே ஒரு பந்தை, காலை வேளையில் மட்டும்.

அம்மா போனபோது எனக்குப் பதினெட்டு வயது, தம்பிக்கு நான்கு. அவனைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தேன். எங்கள் கிளப்பிலேயே ஆடிப் பழகிய அவனுக்கு 'அளவுகோல்' என்று பெயர். அடிப்பதற்கு முன்பே, கோலால் தட்டுகிற வெள்ளைப் பந்து மற்ற பந்தில் மோதி எங்கே போய் நிற்கும் என்று விரலால் காட்டுவான். அங்கேயே நிற்கும். "இவன் பொண்ணு பாக்கப் போனாலும் டேப்போடதான் போவான்" என்று கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அப்பாவுக்கு நடுக்க நோய். ஏழு வருடம். முதலில் ஸ்பூனைப் பிடிக்க முடியவில்லை, பிறகு எழுந்திருக்க முடியவில்லை, கடைசியில் விழுங்கவும் முடியாமல் போய்ச் சேர்ந்தார். ஊட்டுவது, துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். தம்பி பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக்கூட இறக்காமல் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பான்.

இந்த வருடம் வெளிநாட்டுப் பயிற்சிக்கூடம் ஒன்று அவனைத் தேர்வு ஆட்டத்துக்குக் கூப்பிட்டது. ஜெயித்தால் அங்கேயே தங்க வேண்டும். "மூணு வருஷம்தாங்க்கா. கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள வந்துடுவேன்" என்றான். எனக்குக் கண்ணை மூடினால் காலியான வீடுதான் தெரிந்தது. பயமாக இருந்தது.

கிளப் அலமாரியில் கழித்துப்போட்ட பழைய செட் ஒன்று கிடந்தது. வேறு கம்பெனிப் பந்துகள். அதிலிருந்த வெள்ளைப் பந்து அளவில் எங்கள் பந்தைப் போலவே இருக்கும், எடையில் ஆறு கிராம் குறைவு. கிளப் திறப்பதற்கு முன் தம்பி தனியாகப் பயிற்சி எடுப்பான். அந்த நேரத்துக்கு மட்டும் அதை வைத்தேன். மோதியதும் நிற்க வேண்டிய பந்து, ஒரு விரல்கடை பின்னால் வந்தது. அதற்கேற்ப அவன் கையை மாற்றிக்கொண்டான். மாலையில் மற்றவர்களோடு ஆடும்போது சரியான பந்தை வைத்தேன். அது ஒரு விரல்கடை முன்னால் ஓடியது. இரண்டுக்கும் நடுவில் அவன் திண்டாடிப் போனான்.

நல்ல ஆட்டக்காரன் பந்தைக் குறை சொல்ல மாட்டான், சொன்னால் ஊரே சிரிக்கும். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு காலையில், "அக்கா, இந்த வெள்ளைய ஒரு தடவ எட போட்டுப் பாரேன்" என்றான். கழுவிக்கொண்டு வருவதாகச் சொல்லி உள்ளே எடுத்துப் போனேன். சரியான வெள்ளையைக் கொண்டு வந்து அவன் கண்ணெதிரில் தராசில் வைத்தேன். பக்கத்தில் ஒரு சிவப்பையும் நிறுத்துக் காட்டினேன். இம்மி பிசகவில்லை. தம்பி தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்பாவுக்கு மொதல்ல எப்படிக்கா ஆரம்பிச்சுது?"

"கை சொன்ன பேச்சு கேக்கலன்னு சொல்லிக்கிட்டிருந்தாரு."

அது பொய்யில்லை. டாக்டரிடம் போனோம். நரம்பில் ஒன்றும் கோளாறு இல்லை என்றார். வரும் வழியில், "அப்பாவுக்கும் மொதல்ல இப்படித்தான்டா சொன்னாங்க" என்றேன். அதுவும் பொய்யில்லை. மறுநாள் காலை லேசான பந்தைத்தான் மேசையில் வைத்தேன்.

தேர்வு ஆட்டத்துக்கு அவன் போகவில்லை. ஆடுகிற கியூ கோலைத் துடைத்து உறையில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டான். அன்று மத்தியானம் இரண்டு பேரும் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டோம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அவன் தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக் குடித்தான். கையில் நடுக்கமே இல்லை, நான்தான் பார்த்தேனே. "எதுக்குடா கவலப்படற? அப்பாவப் பாத்துக்கிட்ட மாதிரி உன்னையும் நான் பாத்துக்க மாட்டேனா?" என்றேன். சரி என்று தலையாட்டினான்.

நான்கு நாள் கழித்து, ஆற்றுப் பாலத்தில் அவன் செருப்பு கிடந்தது. சாப்பாட்டு மேசையில் ஒரு சீட்டு வைத்திருந்தான். 'அக்கா, அந்த வேலையெல்லாம் நீ இன்னொரு தடவை செய்ய வேண்டாம்.' அவ்வளவுதான் எழுதியிருந்தது.

என்னை யாரும் சந்தேகப்படவில்லை, ஐயா. அழுதவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் அழுதார்கள். என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் இந்தப் பந்தை நானாக ஸ்டேஷனுக்குக் கொண்டு வந்து உங்கள் மேசையில் வைத்தேன். தெரிந்தேதான் மாற்றினேன். அவன் சாவுக்கு நான்தான் காரணம். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதுங்கள். கடைசிவரை கூடவே இருக்க நான் தயாராகத்தான் இருந்தேன். விட்டுவிட்டுப் போனது அவன்தான்.