நடுவில் ஓட்டிஸ்

டெல்பர்ட்: அந்த ஆட்டக்காரன் மட்டையைச் சுத்தினானா, இல்ல பாதியில நிறுத்திட்டானா... அதை மட்டும் கேட்டுச் சொல்லு ஓட்டிஸ்.

ஓட்டிஸ்: நீயே கேளேன். ரெண்டு நாற்காலி தள்ளித்தானே உக்காந்திருக்காரு.

டெல்பர்ட்: நான் கேட்டா பதில் வராதுன்னு உனக்குத் தெரியாதா?

ஓட்டிஸ்: சரி, சரி... கிராடி தலைவரே, அந்தப் பய மட்டையைச் சுத்தினானா இல்லையான்னு டெல்பர்ட் கேக்கறாரு.

கிராடி: அந்த ஈரச் சட்டையை என் பெட்டி மேலேருந்து எடுக்கச் சொல்லு.

ஓட்டிஸ்: டெல்பர்ட், உன் சட்டையை...

டெல்பர்ட்: கேட்டுச்சு. காது நல்லாத்தான் இருக்கு.

ஓட்டிஸ்: அவரு சொல்றது உனக்குக் கேக்குது. நீ சொல்றது அவருக்குக் கேக்குது. அப்ப நடுவுல நான் எதுக்கு? இந்த பேஸ்பால் அம்பயருங்க ரூம்ல துண்டு மடிக்க, ஷூ துடைக்கத்தான் எனக்குச் சம்பளம். எங்க வீட்டுல நானும் மாமியாரும் இப்படித்தான் பேசிக்கறோம். அங்கயாவது நடுவுல நிக்க என் பொண்டாட்டி இருக்கா.

கிராடி: ஐஸ் உருகிப் போச்சு ஓட்டிஸ். வேற கொண்டா. முட்டி வீங்கிக்கிட்டே போகுது.

ஓட்டிஸ்: இந்தாங்க... மத்த ரெண்டு அம்பயருங்க, வால்டரும் சைக்ஸும், மேல சாப்பிடப் போயிருக்காங்க. மழை இப்போதைக்கு விடற மாதிரி இல்ல. உங்களுக்கு ஒரு சூப் கொண்டு வரச் சொல்லவா?

கிராடி: வேணாம்.

ஓட்டிஸ்: உன்னைக் கூப்பிடலியா டெல்பர்ட்?

டெல்பர்ட்: என்னிக்குக் கூப்பிட்டாங்க, இன்னிக்குக் கூப்பிட?

ஓட்டிஸ்: ம்... அதுவும் சரிதான். ஆனா அம்பயருங்க ஸ்டிரைக் முடிஞ்சு மூணு சீசன் ஆச்சுப்பா. இவங்க வெளிய நின்னப்ப இவங்க வேலையைப் பாக்க எத்தனையோ பேர் வந்தீங்க. முடிஞ்சதும் மத்தவங்க எல்லாம் வீட்டுக்குப் போயிட்டாங்க. உன்னை மாதிரி சில பேரை லீக் நிறுத்திக்கிச்சு. நீயும் அன்னிக்கே போயிருந்தா...

டெல்பர்ட்: போயிருக்கணும்.

ஓட்டிஸ்: நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

டெல்பர்ட்: நான் பேச்சுக்குச் சொல்லலை.

ஓட்டிஸ்: நான் எல்லாத்தையும் வாசல்லேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். மட்டைக்காரன் பின்னால நின்ன நீ, சுத்தினானான்னு கேட்டு முதல் பேஸ் பக்கம் கையை நீட்டினே. அங்க நின்னுக்கிட்டிருந்த தலைவரு முஷ்டியைத் தூக்கியிருந்தா சுத்தினான்னு அர்த்தம், அவுட். ரெண்டு கையையும் விரிச்சிருந்தா சுத்தலை, இன்னொரு பந்து. இவரு ரெண்டும் பண்ணலை. கையைப் பின்னால கட்டிக்கிட்டு மேகம் பாத்தாரு.

கிராடி: வாய் ரொம்ப நீளுது ஓட்டிஸ்.

ஓட்டிஸ்: மேகம் பாத்ததும் நல்லதுக்குத்தான் தலைவரே. மழை வந்துருச்சே.

கிராடி: நீ போய் மைதானத்தைப் பாரு. தார்ப்பாய் மேல தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு பாத்துட்டு வா.

ஓட்டிஸ்: போறேன். நான் வர்ற வரைக்கும் ஏதாவது பேசணும்னா செவுத்துகிட்ட சொல்லுங்க ரெண்டு பேரும். அது என்னை மாதிரி இல்ல. திருப்பிப் பேசாது.

டெல்பர்ட்: செவுரே. எனக்கு நிஜமாவே தெரியலை. பந்து பிடிக்கறவன் தோள் குறுக்க வந்துருச்சு. அங்கேருந்து பாத்தவருக்குத்தான் தெரியும். அதுக்குத்தான் கையை நீட்டினேன். என் சௌகரியத்துக்கு இல்ல. அங்கேருந்து பதில் வரலை. முப்பதாயிரம் ஜனம் பாத்துக்கிட்டிருக்கு. எவ்வளவு நேரம்தான் கையை நீட்டிக்கிட்டே நிக்கறது... சுத்தலைன்னு நானே சொல்லிட்டேன். அடுத்த பந்தை வேலிக்கு அந்தப் பக்கம் அனுப்பிட்டான். பந்து போட்ட பையன் என்னைப் பாத்த பார்வை இருக்கே... இந்த ஆட்டத்துல சரியாப் பண்ணலைன்னா அவனை நாளைக்குக் கீழ் லீக்குக்கு அனுப்பிடுவாங்களாம். அந்தப் பையனோட டீம் மேனேஜர் மூக்கோட மூக்கு உரசக் கத்தினான். கருங்காலின்னான். அது பழகிப் போச்சு. அந்தப் பையனோட பார்வைதான்... அது பழகலை. பழகவும் வேணாம். என்கூடப் பேசாதீங்க. சாப்பிடக் கூப்பிடாதீங்க. என் ஷூவைத் தூக்கித் தண்ணித் தொட்டியில போடுங்க. போட்டீங்க, நான் ஒரு வார்த்தை பேசலை. ஆனா மைதானக் கோட்டுக்கு உள்ள வந்துட்டா நாம நாலு பேரும் ஒண்ணு. அது ஒண்ணை நம்பித்தான் இருந்தேன். இன்னிக்கு அதுவும் போச்சு.

கிராடி: என்ன பண்றே?

டெல்பர்ட்: யாருகிட்ட கேக்கறீங்க? என்கிட்டயா, செவுத்துகிட்டயா?

கிராடி: கால் காப்பை ஏன் கழட்டறே? ஆட்டம் இன்னும் முடியலை.

டெல்பர்ட்: எனக்கு முடிஞ்சுது. நீங்க மூணு பேரே பாத்துக்கோங்க. நான் நீட்டினா மேகம் பாக்கறவங்க, வால்டர் நீட்டினா மைதானத்தைப் பாப்பீங்கல்ல.

கிராடி: சுத்தினான். மட்டை பாதியைத் தாண்டி வந்துருச்சு. நல்லாத் தெரிஞ்சுது. அவுட்தான்.

டெல்பர்ட்: ஒரு முஷ்டி... ஒரே ஒரு முஷ்டியைத் தூக்கியிருக்கக் கூடாதா கிராடி?

கிராடி: தூக்கப் பாத்தேன். ரெண்டாவது பேஸ்லேருந்து வால்டர் என்னையே பாத்துக்கிட்டு நின்னான். கை வரலை.

டெல்பர்ட்: வால்டருக்காகவா?

கிராடி: இத்தனை வருஷத்துல தப்பாச் சொல்லியிருக்கேன். பாத்ததைச் சொல்லாம இருந்ததில்ல. மழை வந்து ஆட்டம் நின்னதும் எங்கயாவது போய் ஒளிஞ்சுக்கலாம் போல இருந்துச்சு. முட்டி வலி இல்லைன்னா போயிருப்பேன்.

டெல்பர்ட்: ஆட்டம் திரும்ப ஆரம்பிச்சு, நான் மறுபடி கையை நீட்டினா?

கிராடி: சொல்றேன். வால்டர் பாத்தாலும் சொல்றேன்.

டெல்பர்ட்: அப்ப இதை முடிச்சுக் கொடுத்துட்டுப் போறேன். இன்னியோட சரி.

கிராடி: வேலையை விட்டுட்டா?

டெல்பர்ட்: ஆமா. ஸ்கூல் பஸ் ஓட்டிக்கிட்டு, சாயங்காலத்துல பசங்க ஆட்டத்துக்கு அம்பயரா நின்னுக்கிட்டிருந்தேன். அதுக்கே போறேன்.

கிராடி: அப்படி ஒரு சாயங்காலத்துலதான் நான் உன்னை முதல்ல பாத்தேன். எங்க அக்கா பையன் ஆடறான்னு வந்திருந்தேன். வேலி ஓரமா நின்னு ஆட்டத்தைப் பாக்காம உன்னையே பாத்துக்கிட்டிருந்தேன். அப்புறம் உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் ஆப்பிள் பை கொடுத்தே. ஓரமெல்லாம் தீஞ்சு போயிருந்துச்சு.

டெல்பர்ட்: என் பொண்டாட்டி அதுக்கு இன்னும் வருத்தப்படறா.

கிராடி: போகாதே டெல்பர்ட்.

டெல்பர்ட்: இதை மூணு வருஷம் முந்தி சொல்லியிருக்கலாம். மைதான கேட் வாசல்ல நீங்க ஸ்டிரைக் அட்டையைத் தூக்கிக்கிட்டு நின்னீங்க. நான் தொப்பியை முகத்துல இறக்கிக்கிட்டு உங்களைத் தாண்டித்தான் உள்ள போனேன். ஒரு வார்த்தை, போகாதேன்னு சொல்லியிருந்தா அப்படியே திரும்பி பஸ் ஏறியிருப்பேன். சத்தியமா.

கிராடி: எந்த வாயால சொல்றது...

டெல்பர்ட்: ஏன்?

ஓட்டிஸ்: தலைவரே, மழை விட்டுருச்சு. தார்ப்பாயை எடுக்கலாமான்னு கேக்கறாங்க... என்ன, டெல்பர்ட் ஒத்தைக் கால் காப்போட நிக்கறாரு?

கிராடி: எடுக்கச் சொல்லு. கதவைச் சாத்திட்டுப் போ. வால்டரும் சைக்ஸும் வந்தா கொஞ்சம் வெளியவே நிறுத்து.

ஓட்டிஸ்: சாத்திட்டேன். நான் ஒண்ணும் பாக்கலை.

கிராடி: டெல்பர்ட்... ஸ்டிரைக்குக்கு முந்தி, குளிர்காலத்துல லீக் ஆபீஸ்லேருந்து எனக்கு ஒரு போன் வந்துச்சு. உங்க பக்கம் நல்ல அம்பயர் யாராவது இருக்காங்களான்னு கேட்டாங்க. பயிற்சி முகாமுக்கு ஆள் எடுப்பாங்கன்னு நினைச்சேன். பெருமையா வேற இருந்துச்சு. உன் பேரைச் சொன்னேன். உன் வீட்டு நம்பரைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். வசந்தத்துல நாங்க ஸ்டிரைக் பண்ணி வெளிய வந்தோம். நீ உள்ள போனே. அப்பத்தான் அந்த போன் எதுக்குன்னு புரிஞ்சுது. அதுக்குள்ள நம்ம ஆளுங்களே பேசிக்க ஆரம்பிச்சுட்டாங்க, உள்ளேருந்து எவனோ பேர் கொடுத்திருக்கான், அவன் கெடைச்சா உயிரோட விடக் கூடாதுன்னு. வால்டர்தான் ரொம்பச் சத்தம். நானும் சேர்ந்து கத்தினேன். எல்லாரையும்விட அதிகமா உன்னை ஒதுக்கினேன். அப்பத்தானே எவனுக்கும் சந்தேகம் வராது. என் மேல துப்பணும்னா துப்பு. வெளிய போனதும் அவங்க ரெண்டு பேர்கிட்டயும் நானே சொல்லிடறேன்.

டெல்பர்ட்: சொல்ல வேணாம்.

கிராடி: நான் பண்ணின கேவலம் உனக்குப் புரியுதா இல்லையா?

டெல்பர்ட்: புரியுது. அன்னிக்கே புரிஞ்சுது. போன்ல அந்த ஆள் எடுத்ததுமே உங்க பேரைத்தான் சொன்னான், கிராடி உன்னைத்தான் சொன்னாருன்னு. நீங்களே சொல்லியிருக்கீங்கன்னா போறதுல தப்பில்லைன்னு நினைச்சேன். வாசல்ல உங்க முகத்தைப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு, உங்களை ஏமாத்தித்தான் என் பேரை வாங்கியிருக்காங்கன்னு. அதுக்குள்ள நான் கேட்டைத் தாண்டிட்டேன்.

கிராடி: எல்லாம் தெரிஞ்சேவா... மூணு வருஷம் இதே ரூம்ல, நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காந்திருந்தப்பல்லாம்... ஒரு தடவை வால்டர்கிட்ட சொல்லியிருந்தா போதுமே. ஏன் சொல்லலை?

டெல்பர்ட்: சொல்லியிருந்தா அப்புறம் உங்ககூடயும் யாரும் பேச மாட்டாங்க கிராடி... அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியுமே.