நிலைக்கு அடியில் போன வஹாப் பாயின் நாணயம்

என் பெயர் தினகரன், வயது 24, தகப்பனார் வேதகிரி காலமாகிவிட்டார். உத்திரமேரூரில் தாயார் எல்லம்மாளுடன் வசிக்கிறேன். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, வீட்டு முன்னறையிலேயே டிவி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். மாகறலில் புதுவீடு கட்டும் என் அக்காள் வளர்மதியின் கணவர் முனிரத்தினம், வாசல் நிலையை நான் உடைத்து அடியிலிருந்த வெள்ளி நாணயத்தைத் திருடியதாகக் கொடுத்த புகாரின்பேரில் விசாரித்ததில் நான் சொல்வதாவது:

அந்த நாணயம் முனிரத்தினத்துடையது அல்ல, என்னுடையதும் அல்ல. பஜாரில் மளிகைக்கடை வைத்திருக்கும் வஹாப் பாயுடையது. கனடாவில் இருக்கும் அவர் மகள் சாய்ரா அனுப்பியது. ஒரு பக்கம் ராணியின் தலை, மறுபக்கம் மரங்கள், அவற்றுக்கு மேல் அந்நாட்டு வடகோடியில் ராத்திரி வானத்தில் தானாகத் தோன்றும் பச்சை ஒளி. நாணயம் வைத்து வந்த பெட்டியில் இருக்கும் ஸ்விட்சைத் தட்டினால் சின்ன ஊதா விளக்கு எரிந்து அந்தப் பச்சை மட்டும் மினுங்கும். மகள் நேரில் பார்த்த வானம் என்று பாய் எல்லோருக்கும் காட்டுவார். விளக்கு எரியவில்லை என்று என்னிடம் கொடுத்திருந்தார். நாணயத்தைத் தனியாக எடுத்து மேசைமேல் வைத்திருந்தேன்.

அதன் பிறகு 31.05.2006 புதன்கிழமை நான் ஸ்பேர் வாங்கக் காஞ்சிபுரம் போயிருந்தபோது, நிலை நிறுத்தும்போது அடியில் வைக்கப் பெண்ணின் தாய்வீட்டு வெள்ளி வேண்டும் என்பதால், என் தாயார் அதை என்னுடையது என்று நினைத்து எடுத்துப்போய்ச் சீராகக் கொடுத்துவிட்டார். திரும்பி வந்து பார்த்தபோது மேசையில் நாணயம் இல்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்து, உடனே மாகறல் போனேன். நிலை நின்றிருந்தது, அடியில் சிமெண்ட் ஈரமாக இருந்தது.

"மாமா, இது வஹாப் பாயோடது. ரிப்பேருக்கு வந்தது. சிமெண்ட் பச்சையா கீது, இப்பவே எடுத்துக்கிறேன்" என்றேன்.

அதற்கு அவர், "இன்னாடா, குடுத்த சீரைத் திருப்பிக் கேக்குற? பொட்டி ரிப்பேர் பண்றவன் எனக்கு வூடு கட்டக் கத்துக்குடுக்கிறியா?" என்று ஆட்கள் முன்னால் கேட்டார். என் தாயாரும், "வெள்ளி வெள்ளிதானடா, பாய்க்கு வேற வாங்கிக் குடுத்துக்கலாம்" என்றார்.

எதை வாங்குவது? கொத்தனார் கையைப் புண்ணாக்கும் அதே சிமெண்ட் காரம்தான் நாணயத்தின் பச்சைப் பூச்சையும் தின்னும். காய்ந்தபின் எடுத்தால் வெறும் வெள்ளிதான் மிஞ்சும். இதை எத்தனை முறை சொல்லியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதன் பிறகு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும், நான் நிலைக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டையை எடுத்து, கடப்பாரையால் நிலையை நெம்பி, சுவரில் சாய்த்துவிட்டு நாணயத்தை எடுத்தேன். நிலை உடைந்தது என்பது பொய். அதில் கட்டிய மாவிலைகூட உதிரவில்லை, போய்ப் பார்க்கலாம். ஒளித்தும் எடுக்கவில்லை. வளர்மதி பார்த்துக்கொண்டே நின்றாள், தடுக்கவில்லை.

அதன் பிறகு நாணயத்தை அங்கேயே தண்ணீரில் கழுவினேன். பச்சையில் பாதி போய்விட்டது. வீட்டுக்கு வந்து, வாங்கி வந்த ஸ்பேரைப் போட்டு விளக்கைச் சரிசெய்து, நேராகப் பாய் கடைக்குப் போய் நடந்ததைச் சொல்லி, விளக்குப் பெட்டியோடு கொடுத்தேன். பாய் ஸ்விட்சைத் தட்டினார். ஒரு பக்கத்து மரங்களுக்கு மேல் மட்டும் ஒளி வந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு, "எரியுதே தம்பி. சாய்ரா போன் பண்ணா நான் பேசிக்கிறேன். நீ ஒண்ணும் சொல்லிக்காத" என்றார்.

இழந்தவர் புகார் கொடுக்கவில்லை. எதையும் இழக்காதவர் கொடுத்திருக்கிறார். "ஒரு காசுக்கு இம்மாம் பேஜாரா" என்று இங்கே ஸ்டேஷனிலும் கேட்கிறார்கள். அடுத்தவர் நம்பிக் கொடுத்த பொருள் காணாமல் போனால் கடைக்காரன்தான் பதில் சொல்ல வேண்டும். முனிரத்தினம் சொல்லமாட்டார். நாணயத்தைத் திரும்ப வைத்தால் புகாரை வாபஸ் வாங்குகிறாராம். வைக்க என்னால் முடியாது. நிலையை நானே வந்து நிறுத்தித் தருகிறேன், அடியில் வைக்க என் தாயாரின் பேரில் வேறு வெள்ளியும் தருகிறேன். என் தாயார் தெரியாமல் செய்ததற்கு அவரை இங்கே கூப்பிட வேண்டாம். வழக்குச் சொத்து என்று பாயிடமிருந்து நாணயத்தை வாங்கவும் வேண்டாம்.

மேலே உள்ளதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், நானும் ஒருமுறை வாங்கிப் படித்தேன். நடந்தது இதுதான். திருடினேன் என்று நான் ஒப்புக்கொண்டதாக இதில் எங்கும் எழுதப்படவில்லை என்பதைப் பார்த்த பிறகே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) வே. தினகரன்
01.06.2006