பொறுப்பு: லிங்கம்

எந்திரம் எதை எழுதித் தந்தாலும் ஒருமுறை முழுதாக வாசித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். தம்பானூரில் எங்கள் சுற்றுலா வேன் நிறுவனத்துக்கு ஏஐ வந்தபோது எல்லோருக்கும் நான் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். யாரும் கேட்கவில்லை. மெயிலுக்குப் பதில் எழுதச் சொல்வார்கள், வந்ததை அப்படியே அனுப்பிவிடுவார்கள். நான் வாசிப்பேன். காற்புள்ளி வரை பார்ப்பேன்.

அந்தத் திங்கட்கிழமைதான் கூட்டத்தில் அதை முதன்முதலாக வைத்தோம். மேசை நடுவில் லேப்டாப் இருந்தால் போதும். பேசுவதைக் கேட்டு, யார் எதைச் செய்ய வேண்டும் என்று ஆங்கிலத்தில் குறிப்பு எழுதிவிடும்; அதுவரை அது என் வேலை. டிரைவர் லிங்கம் எட்டிப் பார்த்தார்.

“எழுதறது இது. அப்போ சம்பளம் யாருக்கு சாரே, இதுக்கா உங்களுக்கா?”

மேனேஜர் சுஜித் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான்.

பிறகு லிங்கம் தன் வண்டியைப் பற்றிச் சொன்னார். “சமதளத்துல ஒரு குழப்பமும் இல்ல. பொன்முடி மலை இறங்கும்போதுதான் காலால சவுட்டச் சவுட்ட பிரேக் பெடல் தாழ்ந்து போகுது.” யார் பார்த்துக்கொள்வது என்று சுஜித் கேட்டார். நான் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பிவிடுகிறேன் என்றேன்.

லிங்கத்தினுடையதும் என்னுடையதும் மலையாளம் கலந்த தமிழ். எந்திரத்துக்கு இரண்டு குரலும் ஒன்றாகக் கேட்டிருக்க வேண்டும். குறிப்பில் பிரேக் பழுதுக்கு எதிரே, பொறுப்பு லிங்கம் என்றிருந்தது. சுஜித் என் தோளுக்கு மேலாக ஒரு பார்வை பார்த்து, “அடிபொளி, வெங்கிடேஷே. ஒரு தப்பும் இல்லல்லோ” என்றார். எல்லோருக்கும் அனுப்பினேன். லிங்கத்தின் போனுக்கும் போயிற்று. அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது.

அடுத்த இரண்டு நாள் லீவில் இருந்த லிங்கம் வியாழக்கிழமை சாவி வாங்க வந்தார். “ஒர்க்‌ஷாப்ல வண்டிய பார்த்தாச்சா சாரே?”

“எல்லாம் சரியாயிட்டு. தைரியமா எடும்” என்றேன்.

கல்லாற்றுக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் வேன் உருண்டது. சுற்றுலா வந்த குடும்பத்தில் மூவர் இறந்துபோனார்கள். லிங்கத்தை மருத்துவமனைக் கட்டிலில் வைத்தே கைது செய்தார்கள். பழுது பார்க்க வேண்டியவரே பார்க்காமல் ஓட்டினார் என்பது வழக்கு. அதற்கு ஆதாரம் அந்தக் குறிப்பு.

அவர் மனைவி இசக்கிசெல்வி அலுவலகத்துக்கு வந்தார். அழவில்லை. மேசைமேல் இருந்த லேப்டாப்பைக் கைகாட்டிக் கேட்டார்.

“நீங்க பாத்துக்கிடுதேன்னு சொன்னது இதுக்குக் கேக்கலையா சாரே? செவிடா இது?”

நான் காபி வரவழைத்தேன். அவர் தொடவில்லை. அவர் போனபிறகு அதை நான் குடித்தேன்.

நீங்கள் நல்ல மனிதர், இன்ஸ்பெக்டர் சார். எந்திரம் தவறாக எழுதிவிட்டது, வாசிக்காமல் அனுப்பிவிட்டீர்கள், இந்தக் காலத்தில் எல்லோரும் செய்வதுதானே என்று நீங்களே எனக்கு வழி சொல்லித் தருகிறீர்கள். ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புவதாக நான் சொன்னது சுஜித்துக்கும் இப்போது ஞாபகம் வந்து, உங்களிடம் சொல்லியிருக்கிறாராம். வாக்குமூலத்தில் நீங்கள் சொன்னபடி எழுதினால் லிங்கம் வெளியே வந்துவிடுவார். எனக்கும் பெரிதாக ஒன்றும் வராது.

ஆனால் நடந்தது அதுவல்ல. அந்த வரியை நான் வாசித்தேன். மறுபடியும் வாசித்தேன். பெயர் மாறியிருப்பது தெரிந்தது. திருத்துவதற்கு வேண்டிய இடத்தில்தான் மௌஸ் இருந்தது. சாவியைக் கொடுத்தபோது, வண்டி ஷெட்டை விட்டு நகரவே இல்லை என்பதும் எனக்குத் தெரியும். லிங்கம் சொன்ன அந்த நகைச்சுவைக்காகச் செய்ததாக நினைத்துவிடாதீர்கள். அதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன்.

கையெழுத்து எங்கே வேண்டுமானாலும் போடுகிறேன். கவனக்குறைவு என்று மட்டும் எழுதாதீர்கள். இத்தனை வருட வேலையில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.